ஒடுக்கு எடுத்த கை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். நாயகன் ஓட்டுவது தலையிலிருந்து வால்வரை மாற்றியமைத்த ஒரு கார். எங்கள் வாசிப்புக் குழுவில் படித்தவர்கள், "பேட்மேன் வண்டி மாதிரி இருக்கிறது, சின்னப்பிள்ளைத்தனம், அந்தக் காரைத் தூக்கிவிட்டால் நாவல் தேறும்" என்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் காரையும் தொலைக்காட்சியில் வந்த பேசும் காரையும் பார்த்து வளர்ந்தவன் நான். விட மனம் வரவில்லை. பகட்டான ஒரு கார் வந்தாலே அது மலிவான கதையா? வெகுஜன எழுத்துக்கும் இலக்கியத்துக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? பேசும் கார்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவின் முன்னோடி என்று சொல்லலாமா?

கா., திருப்பூர்

அன்புள்ள கா.,

போன மாதம் என் மாமா காலமானார். காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய பட்டறையைக் காலிசெய்யத் திருச்செங்கோடு போயிருந்தேன். அங்கே கிடைத்த ஒரு தகரத் துண்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களிடமிருந்து எனக்கு வாரம் இரண்டு கடிதமாவது வருகிறது.

முதலில், அந்தக் கோடு. அது எங்கே இருக்கிறது என்று முப்பது வருடமாக என்னைக் கேட்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. விடுங்கள்.

வாசிப்புக் குழுக்காரர்கள் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள், மருந்துதான் தப்பு. உங்கள் அத்தியாயம் பதினொரு பக்கம். அதில் நான்கு பக்கம் காரை வர்ணிக்கிறீர்கள். கதவு மேல்நோக்கித் திறக்கிறது, வண்டிக்கு அடியில் நீல வெளிச்சம் ஓடுகிறது, பொத்தானை அமுக்கினால் நம்பர் பிளேட் மாறுகிறது. உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியலை வாசித்த மாதிரி இருந்தது. போதாததற்கு வண்டியின் நிறம் மேட் பிளாக் என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அது "தெருவிளக்கில் பளபளத்தது" என்கிறீர்கள். பளபளக்கக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா மேட் அடிக்கிறார்கள்! நீங்கள் அந்தக் காரைப் பார்க்கவே இல்லை. படத்தில் பார்த்ததை நினைவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அதைச் செய்தவன்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பாண்ட் காரைச் சொன்னீர்கள். இயான் ஃபிளெமிங் 1959இல் எழுதிய 'கோல்ட்ஃபிங்கர்' நாவலைப் படித்திருக்கிறீர்களா? அதில் வருவது ஆஸ்டன் மார்ட்டின் டிபி 3. மாற்றங்கள் மிகக் கொஞ்சம். விளக்குகளின் நிறத்தை மாற்ற ஒரு சுவிட்ச், இடித்தால் தாங்கும் எஃகு பம்பர், சீட்டுக்கடியில் ஒளித்துவைத்த ஒரு கைத்துப்பாக்கி, எதிரியின் வண்டியைப் பின்தொடர ஒரு ரேடியோ. ஒரு நல்ல மெக்கானிக் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துவிடுவார். ஆளைத் தூக்கியெறியும் சீட்டும் டயரைக் கிழிக்கும் கத்தியும் சினிமா கொண்டுவந்தவை. 1964இல் வந்த படத்தில் கார் டிபி 5 ஆகிவிட்டது. கென் ஆடம் வடிவமைத்தார், ஜான் ஸ்டியர்ஸ் அதையெல்லாம் வேலைசெய்ய வைத்தார். சுழலும் நம்பர் பிளேட் இயக்குநர் கை ஹாமில்டனின் யோசனை. பார்க்கிங் அபராதம் கட்டிக் கட்டி எரிச்சலானதில் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். உளவாளியின் காரில் உட்கார்ந்திருப்பது லண்டன் தெருவில் அபராதச் சீட்டோடு நின்ற ஒரு மனிதரின் கடுப்பு! உங்கள் காரிலும் நம்பர் பிளேட் மாறுகிறது. யாருடைய கடுப்பு அது?

பேட்மேன் காரைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதற்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். 1939இல் பேட்மேன் முதன்முதலாக அச்சில் வந்தபோது அவன் ஓட்டியது ஒரு சாதாரணச் சிவப்பு செடான். வௌவாலும் இல்லை, இறக்கையும் இல்லை. நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் கார் 1966 தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்தது. ஆனால் அது பிறந்தது பேட்மேனுக்காக அல்ல. லிங்கன் கம்பெனி 1955இல் கண்காட்சிக்காகச் செய்துவைத்த ஃப்யூச்சுரா என்ற கார் அது. வரைந்தவர் பில் ஷ்மிட். கடலில் முக்குளித்தபோது பார்த்த சுறாவும் திருக்கையும் மனதில் இருந்ததாகச் சொல்வார்கள். உடலைக் கையால் தட்டி உருவாக்கியது இத்தாலியில் தூரின் நகரத்து கியா பட்டறை. அப்போதே சுமார் 2,50,000 டாலர் செலவு. பிறகு சிவப்பு அடித்து 1959இல் ஒரு படத்தில் ஓட்டினார்கள். அதற்குமேல் வேலையில்லை. கடைசியில் ஜார்ஜ் பாரிஸ் என்ற ஹாலிவுட் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு டாலருக்குப் போய்ச் சேர்ந்து, அவர் பட்டறையின் பின்பக்கம் கிடந்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது கையில் இருந்தது சுமார் மூன்று வாரம். புதிதாகச் செய்ய நேரமில்லை. கிடந்த வண்டியைப் பார்த்தார் பாரிஸ். வாலில் ஏற்கெனவே சுறாவின் துடுப்பு மாதிரி நீண்ட இரண்டு இறக்கைகள். அவற்றை இன்னும் கொஞ்சம் இழுத்து, ஓரத்தை வளைத்து வெட்டினால் வௌவால். சுறா வௌவாலான கதை இவ்வளவுதான். அதே கார் 2013 ஏலத்தில் 46 லட்சம் டாலருக்குப் போனது.

தகரத்தை இழுத்து வளைத்தது யார்? பாரிஸ் அல்ல. பில் குஷன்பெரி என்ற டிங்கர், காரின் தகரத்தைத் தட்டி உருவம் கொடுப்பவர். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? நான் ஐம்பது வயதுக்குமேல்தான் கேள்விப்பட்டேன். பாரிஸ் குடும்பத்திலேயே இந்தக் கதை முன்பும் நடந்திருக்கிறது. ஜார்ஜுக்கு சாம் என்று ஓர் அண்ணன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நாற்பதுகளில் இருவரும் சேர்ந்து பட்டறை வைத்தார்கள். மெர்க்குரி காரின் கூரையை வெட்டித் தாழ்த்தி, மூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, வெட்டியதே தெரியாமல் வழித்தெடுத்தவர் சாம். ஜார்ஜ் பேசினார், படம் பிடித்தார், பத்திரிகையில் எழுதினார். சாம் 1967இல் இறந்துபோனார். ஜார்ஜ் அதன்பிறகு அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, வியாபாரத்துக்கு வாயும் வேண்டும். ஆனால் எழுதுகிறவன் யார் பக்கம் போய் நிற்க வேண்டும்?

என் மாமா பட்டறையில் பேசுகிறவர் மாமா. தட்டுகிறவரை நாங்கள் டிங்கரண்ணன் என்று கூப்பிடுவோம். சின்னப் பட்டறை, டிங்கரும் அவரே பெயின்டரும் அவரே. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவரின் மகன் ஒரு பத்மினி காரோடு வந்தான். ஊரில் எல்லோரும் அதை ஃபியட் என்றுதான் சொல்வார்கள். ராஜஸ்தான் பக்கம் ரிக்கோடு போய் நல்ல காசு பார்த்துவிட்டு வந்திருந்தான். வாடகை வீடியோ டெக்கில் ஏதோ இங்கிலீஷ் படம் பார்த்திருக்கிறான். "பின்னாடி ரெக்க வேணுங்ண்ணா, செவப்பு அடிச்சரோணும்" என்றான். மாமா சரி என்றுவிட்டார்.

அந்த ஃபியட்டுக்குப் பின்பக்கம் பிறவியிலேயே சின்னதாக ஒரு தூக்கல் உண்டு. டிங்கரண்ணன் அந்த இடத்தில் கேஸ் வெல்டிங் வைத்துத் தகரத்தை நீட்டினார். மூன்று வாரத்துக்குமேல் ஆனது. மரச்சுத்தியால் வெளியே தட்டுவார், உள்ளே இடது கையில் டோலி இரும்பை அணைத்துப் பிடித்திருப்பார். டொக் டொக் என்று அடிக்கிற சத்தத்தை வைத்தே எங்கே பள்ளம் என்று சொல்வார். அப்புறம் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்துத் தகரத்தின்மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் தடவுவார். உங்கள் ஊரிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற அதே பனியன் வேஸ்ட்தான். "வெறுங்கையில தடவுனா தோலு பேசும், துணிய வெச்சுத் தடவுனா தகரம் பேசும். வெச்சுப் பாரு கண்ணு" என்று என் கையைப் பிடித்து வைத்தார். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்த இடத்தில் கைக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. அரிசி மணி அளவுகூட இருக்காது. ஒரு ஒடுக்கு எடுக்க இவ்வளவு பாடா என்று இருந்தது எனக்கு. அவர் சிரித்தார்.

பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து முடித்தார். பிறகு ஸ்ப்ரே கன்னில் வெள்ளி நிறத்தை ஊற்றியதும் ரிக்காரர் மகன் பதறிப்போனான். "பொறுங்க தம்பி. அடியில வெள்ளி இருந்தாத்தான் செவப்பு உள்ளேர்ந்து வரும்" என்றார். கிளியர் லேக்கரில் சிவப்புச் சாயத்தைக் கரைத்து, மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுக் கோட்டு அடித்தார். சாயங்கால வெயிலில் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது சங்ககிரி ரோட்டில் போன பஸ்ஸே கொஞ்சம் மெதுவாகப் போனது.

கலிஃபோர்னியாவில் ஜோ பெய்லன் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சிவப்பு உண்டு. கேண்டி ஆப்பிள் ரெட். அடியில் வெள்ளியோ தங்கமோ அடித்து, மேலே ஒளி ஊடுருவும் சிவப்பைப் பூச்சு பூச்சாக ஏற்றுவது. ஒரு பூச்சு கொஞ்சம் தடித்தாலும் கோடு விழும். பிறகு எங்காவது உரசினால் அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. இதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். டிங்கரண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்துகூடத் தெரியாது.

காலேஜ் படிக்கும்போது நான் எழுதிய முதல் கதையில் ஒரு கார் வந்தது. சுவரில் ஏறும், தண்ணீரில் மிதக்கும். விடுமுறைக்குப் போனபோது டிங்கரண்ணனுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். பீடியை அணைத்துவிட்டு, "எல்லாஞ் சரி கண்ணு, இதுக்கு பிரேக்கு யாரு வெச்சது?" என்றார். பிரேக் எங்கே என்று கேட்கவில்லை, கவனியுங்கள். யாரு வெச்சது என்றுதான் கேட்டார்.

பேசும் காரை மறந்துவிட்டேன். 'நைட் ரைடர்' தொடரில் வந்த அது 1982 மாடல் பான்டியாக் டிரான்ஸ் ஆம். அது முன்னோடியா பின்னோடியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் கார் தானாக ஓடுவதாகக் காட்டும் காட்சிகளில் சீட் உறை மாதிரியே தைத்த ஒன்றுக்குள் ஓர் ஓட்டுநர் ஒளிந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அவரைத்தான்.

சரி, காரை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? ஜான் டி. மெக்டொனால்ட் 1964இலிருந்து எழுதிய டிராவிஸ் மெக்கீ நாவல்களைத் தேடிப் படியுங்கள். துப்பறியும் கதைகள்தான், உங்கள் ஜாதி. ஃபுளோரிடாவில் ஒரு படகுவீட்டில் குடியிருக்கும் மெக்கீ ஓட்டுவது 1936 மாடல் ரோல்ஸ் ராய்ஸ். அதைவிடப் பகட்டான கார் உண்டா? ஆனால் முன்பு வைத்திருந்த யாரோ பின்பக்கத்தை நசுக்கிவிட்டு, அப்புறம் உபயோகத்துக்கு ஆகட்டும் என்று அதைப் பிக்கப் வண்டியாக வெட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் அதற்குக் கண்ணைக் குத்தும் நீலத்தை அடித்திருக்கிறார். மெக்கீக்கு நாலாம் வகுப்பு எடுத்த டீச்சரின் தலைமுடி அதே நீலமாம். அதனால் வண்டிக்கு மிஸ் ஆக்னஸ் என்று அந்த டீச்சர் பெயர். கார் வந்து நின்றதும் மூன்று மனிதர்கள் கூடவே இறங்குகிறார்கள், ஒருவரையும் அவர் தனியாக வர்ணிக்கவில்லை. இருபத்தொரு நாவலுக்கு அந்த ஒரு வண்டி தாங்கியிருக்கிறது.

உங்கள் காரை எடுக்க வேண்டாம். நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கதவை மேல்நோக்கித் திறக்கும்படி வெட்டிக் கொடுத்தது எந்தப் பட்டறை, அவருக்கு மிச்சப் பணம் எவ்வளவு பாக்கி என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். மேட் பிளாக்கை என்ன செய்வது என்று அவரையே கேளுங்கள்.

அந்த ஃபியட் மூன்று மாதம்தான் இறக்கையோடு ஓடியது. பையனின் அப்பா வடக்கேயிருந்து திரும்பி வந்தார், பார்த்தார், அன்று மாலையே வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. வெட்டியதும் டிங்கரண்ணன்தான். வெட்டும்போது ஒன்றும் பேசவில்லை. ஓர் இறக்கை பழைய இரும்புக்குப் போனது. இன்னொன்றை மாமா சுவரில் சாவிக்கொத்து மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார், கடைசிவரை. அதுதான் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஓரம் துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் பெயர்ந்த இடத்தில் சிவப்புக்குக் கீழே வெள்ளி தெரிகிறது.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது ஒரு பிடி பனியன் வேஸ்ட் கொண்டுவாருங்கள். கண்ணை மூடிக்கொண்டால்தான் தொடவிடுவேன்.