தாத்தாவின் மாத்திரை டப்பா

கேள்வி: எனக்கு வயது 21. கோயில் விழாக்களிலும் நடன அரங்கேற்றங்களிலும் வயலின் வாசிக்கிறேன். மேடை ஏறினாலே வில் பிடித்த கை நடுங்கும். ஒரு வருடமாக, வாசிக்கும் நாளில் ப்ரொப்ரனோலால் 40 மில்லிகிராம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். நடுக்கம் போய்விட்டது. தாத்தாவின் நெஞ்சுவலிக்கு அரசாங்கக் கிளினிக்கில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கொடுப்பதுதான். வாரா வாரம் டப்பாவில் எடுத்து வைப்பதும் நான்தான். ஆனால் கைதட்டு வாங்கும்போது ஏமாற்றுகிறேனோ என்று உறுத்துகிறது. இது நேர்மையா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏம்மா, நீ கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். மேடை பயத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் எனக்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த மாத்திரை ராகம் சொல்லித் தராது. அட்ரினலின் நெஞ்சைப் படபடக்க வைக்காமல், கையை உதற வைக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். துப்பாக்கி சுடும் போட்டியில் அதற்குத் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் ஒருவர் இதே மருந்தால் இரண்டு பதக்கங்களைப் பறிகொடுத்தார். அங்கே ஆடாத கைதான் போட்டியே. உன் கச்சேரிக்கு வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வருகிறார்கள். டாக்டர் பார்த்துக் கொடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் போகிற போக்கில் எழுதினாயே, 'டப்பாவில் எடுத்து வைப்பதும் நான்தான்' என்று, அங்கே நின்றுவிட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் மாதம் 60. கிளினிக்கில் எண்ணித்தான் கொடுப்பார்கள், கொசுறு கிடையாது. அப்படியென்றால் நீ வாசித்த நாட்களில் தாத்தாவுக்கு எந்த வேளை இல்லாமல் போனது? காலையா, இரவா? அவர் கேட்டிருக்க மாட்டார். பேத்தி எடுத்து வைத்ததை எந்தத் தாத்தா எண்ணிப் பார்ப்பார்?

நெஞ்சுவலிக்காரர் இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலி கூடும், மாரடைப்பே வரலாம். டாக்டர்களே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். ஒரு வேளை விட்டால் என்ன என்று என்னிடம் சொல்லாதே. நவராத்திரிக்கு எத்தனை நாள் வாசித்தாய்?

வீட்டுப் பெரியவரின் மருந்தை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது வீட்டுச் சாவியைக் கொடுத்ததைவிடப் பெரிது. கைதட்டு வாங்கும்போது உறுத்துகிறது, டப்பாவைத் திறக்கும்போது உறுத்தவில்லை! உன் கேள்வியில் எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

இன்றைக்கே தாத்தாவிடம் சொல். அம்மாவைத் தூது அனுப்பாமல் நீயே சொல். திட்டினால் வாங்கிக்கொள். அடுத்த மருந்துத் தேதி வரைக்கும் காத்திருக்காமல் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், எத்தனை வேளை தவறியது என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். அப்புறம் உனக்கென்று தனியாக நம்பர் எடுத்து உட்கார். இழுப்பு இருந்ததா என்று கேட்பார்கள். சின்ன வயதில் இருந்தாலும் மறைக்காதே, ஆஸ்துமாக்காரருக்கு இந்த மாத்திரை ஆபத்து.

அதுவரை டப்பாவை உன் அம்மா நிரப்பட்டும்.