ஏலகிரி ஏறிப் பழகியவர் மார்ச் கடைசியில் உத்தரகண்ட் இமயமலையிலுள்ள கேதார்காந்தா உச்சிக்குப் போகலாமா? பனி அப்போது குறைவுதானே?

போகலாம். ஆனால் "பனி குறைவுதானே" என்ற இதே சொற்களை 2019 மார்ச்சில் காட்பாடி நடைமேடையில் நின்றபடி நானும் என் நண்பரிடம் சொன்னேன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

நீங்களும் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தவர் என்றே நினைக்கிறேன். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்ட வைப்பது. வெயில் ஏறினால் போய்விடும். இமயத்தின் மார்ச் மாதப் பனி அப்படியன்று. பகலில் இளகி இரவில் மீண்டும் உறைவதால், விடியற்காலையில் அதன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி ஆளைத் தாங்குகிறது. அதே இடம் பத்து மணிக்கு மேல் சோற்றுக்கஞ்சியாகக் குழைந்து காலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. உச்சிக்குப் பின்னிரவிலேயே கிளப்பிவிடுவதற்கு, சூரிய உதயக் காட்சியைவிட இதுவே முக்கியக் காரணம்.

நான் பயிற்சி இல்லாமல் போகவில்லை. இரண்டு மாதம் ஞாயிறுதோறும் சோளிங்கர் மலையின் 1,305 படிகளை ஏறி இறங்கினேன். மூச்சுக்கு அது உதவியது. கல் படி வைத்த இடத்தில் இருக்கும், பனி அப்படி இருக்காது என்பதை மட்டும் அது சொல்லித்தரவில்லை. ஏறத்தாழ 12,500 அடி உயர உச்சியில், சிவனுக்கு நட்ட திரிசூலத்தருகே படம் எடுத்துக்கொண்டே நேரத்தைத் தின்றுவிட்டு இறங்கினோம். காட்டுக்குள் வந்தபோது, எதிரே வந்த குழுவுக்கு வழிவிடுவதற்காகத் தடத்திலிருந்து ஓரடி விலகி ஒரு மரத்தை ஒட்டிக் கால் வைத்தேன், தொடைவரை இறங்கிவிட்டது. கிளைகள் பனியை மறிப்பதாலும் அடிமரம் வெயிலில் சூடேறுவதாலும் மரத்தைச் சுற்றிப் பனி பொள்ளலாக இருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நண்பர் கையைப் பிடித்து இழுக்க, முழங்கால் ஒரு பக்கமாகத் திருகியது. சாங்க்ரி ஊர்க்காரரான வழிகாட்டித் தம்பி அவரை அதட்டி நிறுத்திவிட்டு, மண்டியிட்டுக் கையால் பனியைத் தோண்டிப் பாதத்தை விடுவித்தார். பருத்திக் காலுறை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. கூடாரம் சேரும்வரை விரல்கள் என்னுடையவையாகவே இல்லை.

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று அனுபவசாலிகள் கேட்கலாம். சாதாரண கேன்வாஸ் ஷூவில் ஓடி இறங்கிய உள்ளூர்ப் பிள்ளைகளை நானும் பார்த்தேன். எந்த நிறப் பனி தாங்கும், எது ஏமாற்றும் என்று அவர்களுக்குத் தெரியும், குடியாத்தத்துக்காரனுக்குத் தெரியாது.

இன்னொன்று. பயண ஏற்பாட்டாளர் பனியில் வழுக்காமல் இருக்க ஷூவின் மேல் மாட்டிக்கொள்ள வாடகைக்குக் கொடுத்த இரும்பு முள் பட்டையில், ஒன்றின் ரப்பர் ஏற்கெனவே கிழிந்திருந்தது. திருப்பிக் கொடுத்தபோது, அந்தக் கிழிசலுக்கே என் முன்பணத்தில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். தொகை சிறிதுதான், இன்றும் உறுத்துகிறது. ஆகவே வாங்கும்போதே வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு சோடியும், பனியில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வழிகாட்டி இறங்கச் சொன்னால் அடுத்த படத்துக்கு நிற்காதீர்கள். நான் எடுத்த நாற்பது படங்களில் முப்பத்தெட்டு ஒரே திரிசூலம்தான்.