பட்ஜிக்கு கொலுசு மணி கட்டலாமா?

கேள்வி: கூண்டுல வளர்க்குற சின்னக் கிளி பட்ஜிக்கு கடையில பொம்மை வாங்கப் போனா விலை ஜாஸ்தியா இருக்கு சார், வீட்ல கிடக்குற பழைய கொலுசை கூண்டுல தொங்க விடலாமா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: கொலுசு ஊர்க்காரங்க கேக்குற கேள்விதான், ஆனா வேணாம்மா. அந்த மணி இடுக்குல நகம் மாட்டிக்கும், பத்தவச்ச இடத்தை கொத்திக்கிட்டே இருந்தா உலோகம் வயித்துக்குள்ள போகும், ஈயம், துத்தநாகம் ரெண்டுமே அதுக்கு விஷம். மருந்தடிக்காத வேப்பங்குச்சி, கொய்யாக் கிளைய கழுவி காயவச்சு மாட்டுங்க, கொட்டாங்குச்சிய நல்லா சுரண்டி ஓட்டை போட்டு தொங்க விடுங்க, கிழிச்சுப் போட பனையோலை குடுங்க, காசே செலவில்ல. நைலான் கயிறு மட்டும் கூடாது, நூல் பிரிஞ்சு கால்ல சுத்திக்கும். கூண்டுல முகம் பாக்குற கண்ணாடி மாட்டுறது எனக்கு அவ்வளவா பிடிக்காது, சில பட்ஜி அது முன்னாடியே பழியா கிடக்கும். அப்புறம் ஏற்காடு போனா பட்டர் ஃப்ரூட் மரத்துக் கிளைய ஒடிச்சுட்டு வந்துடாதீங்க, பழம், இலை, பட்டை எதுவுமே பறவைக்கு ஆகாது.