பஞ்சருக்குப் பயந்து 'சப்போர்ட் பேக்கேஜ்' வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. போன முறை டிரையத்லானில் நீச்சலின்போது மூச்சு முட்டிப் பதறிவிட்டேன். எப்படியோ கரையேறி சைக்கிளை எடுத்தால், பாதி வழியில் பஞ்சர். மாற்று டியூப் இருந்தும் காற்று ஏற்ற முடியவில்லை. தெரிந்தவர் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் அதே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். ஒருவர் 'ரேஸ் டே சப்போர்ட்' என்று ஒரு பேக்கேஜ் தருகிறார். வண்டியில் பின்னாலேயே வருவாராம், பஞ்சரானால் சக்கரத்தையே மாற்றித் தருவாராம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

டிரையத்லானில் வெளியாள் உதவி கூடாது. அமைப்பாளர்களே நிறுத்தியிருக்கும் ஆட்களைத் தவிர வேறு யாரும் உங்கள் சைக்கிளில் கை வைக்கக் கூடாது. அந்த ஆள் சக்கரத்தை மாற்றிக் கொடுத்து, அதை ஓர் அதிகாரி பார்த்தால், நீங்கள் தகுதி நீக்கம் வரை போக நேரிடும். பணம் வாங்கியவருக்கு என்ன நஷ்டம்? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அணியின் கார் சக்கரங்களைச் சுமந்துகொண்டு பின்னால் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது வேறு விளையாட்டு, வேறு விதி. இந்தக் குழப்பத்தில்தான் இவர்களுடைய பிழைப்பே நடக்கிறது. இதே ஆட்கள் 'பதிவு முடிந்துவிட்டது, என்னிடம் ஒரு எண் இருக்கிறது' என்று இன்னொருவர் பெயரிலுள்ள பந்தய எண்ணையும் விற்பார்கள். அதை மாட்டிக்கொண்டு மயங்கி விழுந்தால், மருத்துவர் கையில் இருப்பது வேறு யாரோ ஒருவருடைய வயது, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்களே அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களோடு அதே பந்தயத்தில் ஓடும் சக போட்டியாளர் உதவலாம். டியூப் தரலாம், பம்ப் தரலாம், பஞ்சர் ஒட்டும் பெட்டி தரலாம், தண்ணீரும் தரலாம். ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுவிட முடியாது. ஒரு பொருளைக் கொடுத்ததால் கொடுத்தவரால் பந்தயத்தைத் தொடர முடியாமல் போகும் என்றால் அந்த உதவி செல்லாது. உங்களைப் பிடித்துத் தள்ளவும் கூடாது, தாங்கிக்கொண்டு ஓடவும் கூடாது. 2016இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானில் பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ வெயிலில் தள்ளாடி நின்றதும், அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி வந்து, முடிவுக் கோட்டருகே முன்னால் தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாமிடம், அண்ணனுக்கு மூன்றாமிடம். உலகமே உருகியது. அதன் பிறகு சக வீரர் முன்னேற உடலால் உதவக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். ஆக, டியூப் கேட்கலாம், தோள் கேட்கக் கூடாது. அதே டியூபை வேலிக்கு வெளியே நிற்கும் உங்கள் மைத்துனர் நீட்டினால் வாங்கக் கூடாது.

சரி, போன முறை டியூப் இருந்தும் ஏன் காற்று ஏறவில்லை? உங்கள் சக்கரத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. என் சந்தேகம் வால்வின் நீளத்தின் மேல். பார்க்க அழகாக இருக்கிறது என்று 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் வாங்கியிருப்பீர்கள், கடையில் கையில் கிடைத்த சாதாரண டியூபைக் கொடுத்திருப்பார்கள். அதன் வால்வு ரிம்முக்கு வெளியே எட்டியே பார்க்காது. பம்பை எதில் மாட்டுவது? ரிம்மின் ஆழத்தைவிட 20 மி.மீ.யாவது நீளமான வால்வு வேண்டும். வாங்கியதும் பைக்குள் போட்டுவிடாமல் வீட்டில் ஒருமுறை பொருத்திக் காற்றடித்துப் பாருங்கள். பம்புக்குப் பதிலாக டியூபை நிரப்பும் சிறிய காஸ் குப்பி வைத்திருந்தால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கை தவறி வீணாகும். திறந்ததும் குப்பி உறைந்து விரலைச் சுடும் என்பதால் உறை இல்லாமல் பிடிக்காதீர்கள்.

பஞ்சரானால் பாதையை விட்டு ஓரமாக வந்துவிடுங்கள். ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும். பின் சக்கரம் என்றால் கழற்றுவதற்கு முன் சங்கிலியைக் கடைசிச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்குங்கள், வேலை பாதியாகும். புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளோ கம்பித் துண்டோ அங்கேயேதான் இருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் 200 மீட்டரில் மறுபடியும் காற்றுப் போகும், அப்போது கையில் டியூப் இருக்காது. நிதானமாகச் செய்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலைதான். உங்கள் பந்தயத்தின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது முடித்தாக வேண்டிய கடைசி நேரத்தை, முன்பே பார்த்து வைத்தால், அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பதற வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும்.

பஞ்சரைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் நீச்சல். டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நிகழ்கிறது. வயதும் 41 என்கிறீர்கள். 'பயம்தான், பழகிவிடும்' என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இராமல், பந்தயத்துக்கு முன் மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுமில்லை என்றால், பெரும்பாலும் குளிர்ந்த நீரின் அதிர்ச்சி, கழுத்தை இறுக்கும் வெட்சூட் (ரப்பர் நீச்சல் உடை), கூட்டத்தோடு சேர்ந்து முதல் 100 மீட்டரில் பாய்வது, இந்த மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். இந்த முறை கூட்டத்துக்கு நடுவே நிற்காதீர்கள். ஓரத்தில் நின்று, எல்லோரும் போன பிறகு இறங்குங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து, மூச்சை இழுக்கத் தவிக்காமல், வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொள்வது குற்றமில்லை, அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நெஞ்சு வலித்தாலோ, இருமலோடு மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் கையைத் தூக்குங்கள்.

இதையெல்லாம் அமைப்பாளர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் கடைசி வாரத்தில் நீளமான ஒரு கோப்பை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுகிறார்கள். ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆள் உண்டு. 'திறந்த நீரில் இதற்கு முன் நீந்தியிருக்கிறீர்களா?' என்று கேட்க ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. போன முறை காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன் என்கிறீர்கள். கணுக்காலில் இருந்த, நேரம் பதியும் சிப்பை யாரிடம் கொடுத்தீர்கள்? பாதியில் விலகுவதில் தவறே இல்லை. ஆனால் அருகிலுள்ள அதிகாரியிடம் சொல்லி, சிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் கணக்கில் ஓர் ஆள் குறையும், உங்களைத் தேடி ஆட்கள் அலைவார்கள். அதே நேரத்தில் உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவர் வேறு எங்கோ காத்திருப்பார்.