உரக்கடைக்குச் சந்தா மென்பொருளா, இலவசமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உரக்கடை. 600 வாடிக்கையாளர்களும் எக்செலில்தான். அவர்கள் விவரத்தை நிர்வகிக்க மாதச் சந்தா மென்பொருளா, இலவச சூட்சிஆர்எம்மா (SuiteCRM)?

பதில்: சூட்சிஆர்எம் 2013இல் சுகர்சிஆர்எம் (SugarCRM) என்ற வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளிலிருந்து கிளைத்தது. உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். கிரான் வேலையை (சர்வர் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் பணி) அமைக்க மறந்தால் நினைவூட்டல் மின்னஞ்சல் போகவே போகாது. பார்த்துக்கொள்ள ஆளில்லையா? சந்தாவே மேல். தரவை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எதுவானாலும், பட்டியலை அதில் ஏற்றுமுன் எக்செலில் ஒரு வில்லங்கம்: 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்களின் முன்சுழியை விழுங்கிவிடும். அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கி, நாட்டுக் குறியீட்டோடு +6012 என எழுதுங்கள். யுடிஎஃப்-8 சிஎஸ்வியாக (தமிழ் எழுத்தைக் காக்கும் எளிய பட்டியல் கோப்பு, CSV UTF-8) சேமியுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். சேமித்ததை மறுபடி எக்செலில் திறந்து சேமித்தால் கூட்டல் குறி போய்விடும். முதலில் 10 பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரட்டைப் பதிவைக் கைப்பேசி எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்தல்ல. ஒரே எஸ்டேட்டில் எத்தனை முனியாண்டி!