பையன் கொண்டுவந்த பாட்டுக்குக் குறை சொல்வது எப்படி?

கேள்வி: திருவாரூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஊர்ப் பையன்கள் கம்ப்யூட்டரில் எலக்ட்ரானிக் பாட்டு செய்து, அதில் தவிலும் நாயனமும் பதிவு பண்ணிச் சேர்த்து, “அண்ணே, எப்படி இருக்கு?” என்று வருகிறார்கள். “பேஸ் தூக்குது”, “கலங்கலா இருக்கு” என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மாற்றிக்கொண்டு வந்தால் முன்னைவிட மோசமாக இருக்கிறது. எப்படிச் சொன்னால் உதவும்?

பதில்: “பேஸ் தூக்குது” என்றதும் பையன் கிக் (டிரம்மின் கனத்த அடி), பேஸ் சிந்த் (சிந்தசைசரில் செய்த கீழ்ச் சத்தம்), தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) மூன்றையும் சேர்த்து இறக்கிவிடுவான். தூக்கியது அதில் ஒன்றுதான். மோசமாகித் திரும்பி வருவது அதனால்தான். எந்த இடத்தில், எந்தச் சத்தம், எதனால் என்ற மூன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

பாட்டை 24 பிட் வேவ் ஃபைலாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மாஸ்டரில், அதாவது முழுப் பாட்டின் மேல், லிமிட்டர் (உச்சத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவி) போட்டது ஒன்று, அதை எடுத்துவிட்டு உச்சம் மைனஸ் 6 டிபியைத் தாண்டாதது இன்னொன்று என இரண்டு ஃபைல் வேண்டும். இரண்டாவதில் இல்லாத குறை முதலாவதில் இருந்தால் லிமிட்டரைத்தான் அதிகமாக அழுத்தியிருக்கிறான். மிக்ஸில், அதாவது சத்தங்களைக் கலந்த விதத்தில், கைவைக்க வேண்டியதில்லை. யூடியூபுக்காக அழுத்தினேன் என்பான். அங்கே மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு) அளவுக்கு மேல் சத்தமாக இருப்பதை அவர்களே குறைத்துவிடுகிறார்கள். அழுத்தியதில் மிஞ்சுவது நசுங்கிய தவில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே வகையில் நன்றாக வெளிவந்த பாட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஓட வேண்டும். ஒன்று இரண்டு டிபி கூடுதலாக ஒலித்தாலே காது அதைத்தான் நல்லது என்னும். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பில் அளந்து, வெளிவந்த பாட்டைக் குறைத்துச் சமன் செய்யுங்கள். முதல் தடவை எதையும் தொடாமல் முழுக்கக் கேட்டு, உறுத்திய இடத்தின் நிமிடத்தை மட்டும் குறியுங்கள். அடுத்து, பேச்சுக் குரலுக்கும் கீழே சத்தத்தை வைத்துக் கேளுங்கள். எது காணாமல் போகிறது, எது மட்டும் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

கலங்கல் என்று நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் ஈக்யூ (கீழ், நடு, மேல் சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) விஷயமே அல்ல, சுருதி விஷயம். நாயனக்காரர் இரண்டரைக் கட்டையில் வாசித்தார் என்று பையன் அதற்குச் சமமான மேல்நாட்டு ஸ்வரமான டி ஷார்ப்பில் சிந்த் போட்டிருப்பான். சீவாளியும் (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாக்கு) ஊதும் அழுத்தமும் மாறினால் நாயனம் கம்ப்யூட்டரின் டி ஷார்ப்பில் அச்சாக உட்காராது. 311 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 25 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் கால் பங்கு பிசகினாலே விநாடிக்கு நாலைந்து தடவை சத்தம் ஏறி இறங்கி அலை அடிக்கும். எந்த ஈக்யூவும் அதைத் தீர்க்காது. நாயனத்தின் ஆதார ஷட்ஜம் நீண்டு நிற்கும் இடத்தை ட்யூனரில் அளந்து, எத்தனை சென்ட் விலகலோ அத்தனைக்கு எல்லா சிந்த்களின் ஃபைன் ட்யூனையும் நகர்த்தச் சொல்லுங்கள். நாயனத்தின் மேல் ஆட்டோட்யூன் (ஸ்வரத்தைத் தானாகச் சரிசெய்யும் மென்பொருள்) போட விடாதீர்கள். கமகம் படிக்கட்டாக உடையும். தவிலையும் அப்படியே, ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்துக்குள் இழுக்காமல் சமத்தை (தாளம் தொடங்கும் அடியை) மட்டும் பொருத்தினால் போதும்.

இனி அந்தப் பேஸ். பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்யும் பையனுக்கு அறையே பொய் சொல்கிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி அலை நிலைகொள்ளும். சுவரோரம் அது வீங்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு திசையிலும் அதே 56. கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 50க்கும் 60க்கும் இடையில்தான். நடுவில் நாற்காலி போட்டவனுக்குக் கிக் கேட்காது, ஏற்றிக்கொண்டே போவான். உங்கள் பாக்ஸில் அது இடிக்கும். ஆகவே “கிக்கைக் குறை” என்பதற்கு முன் எங்கே உட்கார்ந்து கேட்டான் என்று விசாரியுங்கள். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நாற்காலியை நகர்த்தி மறுபடி கேட்டாலே அவன் கை தானாக இறங்கும்.

பேஸ் சிந்தில் வேறு சிக்கல். டி ஷார்ப்பின் கீழ்ஸ்தாயி 38.9 ஹெர்ட்ஸ். பல பாக்ஸ்களில் அது ஒலியாக வராது, ஆம்ப்ளிஃபையரின் பலத்தை மட்டும் தின்னும். ஒரு ஸ்தாயி ஏற்றி 77.8க்குக் கொண்டுவரலாம், அல்லது சாச்சுரேஷன் (லேசாகச் சத்தத்தைக் கரகரப்பாக்குவது) சேர்த்து மேல் ஸ்வரக்கூறுகளை, அதாவது அதே ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சத்தங்களை, எழுப்பலாம். கிக் அடிக்கும்போது பேஸ் தானாகத் தணிய சைட்செயின் கம்ப்ரஷன் வேண்டும்: 4க்கு 1 விகிதம், ரிலீஸ் (தணிந்தது மீண்டும் எழும் நேரம்) 80 முதல் 150 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லி விநாடிதான். ரிலீஸ் அதை நெருங்கினால் பேஸ் எழவே எழாது. கிக்கோடு மோதும் தொப்பிக்கு 100 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் வடிகட்டி) போடலாம். கிக் இல்லாத பகுதியில் அதை எடுத்துவிடட்டும், தொப்பிக்கென்று ஒரு கனம் இருக்கிறது.

நாயனம் காதைக் குத்தினால் அது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வட்டாரம். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. தவிலின் மறுபக்கமான வலந்தலையின் சொல்லும் லீட் சிந்தும் (முக்கிய மெட்டை வாசிக்கும் சிந்த்) அங்கேயே நிற்கும். நாயனத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நாயனம் வரும்போது லீட் சிந்த் வாயை மூடட்டும். அதற்குப் பிறகும் குத்தினால் டைனமிக் ஈக்யூவில் (சத்தம் மிஞ்சும்போது மட்டும் குறைக்கும் ஈக்யூ) 3 டிபி குறைத்தால் போதும். மண்டபத்தில் பதிவான நாயனத்தில் எதிரொலி ஏற்கெனவே உண்டு, மேலே ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கொட்ட வேண்டாம். போனில் எடுத்த தவில் உடைந்து கேட்டால் மழுப்பாமல் திரும்பப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் கூம்பு ஸ்பீக்கர் ஒரு நல்ல பரிசோதனைக் கருவி. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றும் வராது, ஸ்டீரியோவும் கிடையாது. அதில் பேஸின் மெட்டு துளியும் புரியவில்லை என்றால் மேல் ஸ்வரக்கூறு போதவில்லை. ஒரு சிந்த் முழுதாக மறைந்தால் இடமும் வலமும் எதிரெதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குவது) ஒன்றாகக் கலக்கும்போது ஒன்றையொன்று அழிக்கின்றன.

சொல்லும்போது, “1:12ல் நாயனம் நுழையும்போது லீட் சிந்தும் அதே ஸ்தாயியில் இருக்கு, நாயனம் என்ன வாசிக்குதுன்னு புரியல, என் பாக்ஸில் கேட்டது இது” என்கிற மாதிரி சொல்லுங்கள். “250ல் 4 டிபி வெட்டு” என்று எண் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பாக்ஸுக்கும் ஒரு குணம் இருக்கிறது, பையன் அந்த எண்ணை அப்படியே போட்டுவிடுவான். ஒரு தடவைக்கு மூன்று குறைக்கு மேல் வேண்டாம்: முதலில் சுருதியும் எது எப்போது ஒலிக்கிறது என்பதும், பிறகு சத்த அளவு, கடைசியில் ஈக்யூ. நன்றாக வந்த ஒரு இடத்தையும் நிமிடத்தோடு குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவான்.

திரும்பி வரும்போது பழைய ஃபைலையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து, மாற்றச் சொன்ன இடங்களை மட்டும் முதலில் கேளுங்கள்.