பின்னோன் வேண்டும் விகற்பம்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ஓர் இணையதளத்துக்குக் கட்டுரைகள் எழுதுகிறேன், நாளொன்றுக்கு மூன்று. தலைப்பு வந்ததும் தேடுபொறியில் முதலில் நிற்கும் நாலைந்து கட்டுரைகளைப் படித்து, வாக்கியங்களை மாற்றிச் சேர்த்து எழுதிவிடுவேன். மதுரை மல்லிகை பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரை சென்ற மாதம் வேறொரு தளத்தில் வேறு பெயரில் வந்திருந்தது. சண்டை போட உட்கார்ந்தவள், என் கட்டுரையை ஒருமுறை படித்துப் பார்த்தேன். என்னுடையது என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கென்று ஒரு நடையும் தனித்தன்மையும் வர நான் என்ன செய்ய வேண்டும்? கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சண்டையை முடித்துவிடுவோம். உங்கள் கட்டுரையைப் பெயர் மாற்றி வெளியிட்டது தவறுதான். அதை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு உங்கள் நிறுவனம் எழுதட்டும். நீங்கள் எழுதிய முறை எப்படியிருந்தாலும், அவர்கள் செய்தது அதனால் நியாயமாகிவிடாது.

இணைத்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சுத்தமான தமிழ், ஒற்றுப்பிழை ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. 'மல்லிகை என்றதும் நம் நினைவுக்கு வருவது மதுரைதான்' என்று தொடங்குகிறது, 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்கிறது, மணத்தைப் புகழ்கிறது, மணப்பெண்ணின் கூந்தலில் வந்து முடிகிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பூந்தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் ஒருவர் எழுதியது என்பதற்கு இதில் ஓர் அடையாளமும் இல்லை. சென்னையில் ஏழாவது மாடியில் அமர்ந்து, மல்லிகைச் செடியையே பார்த்திராத ஒருவர் எழுதியிருந்தாலும் இது இப்படியேதான் இருந்திருக்கும்.

நடை வேண்டும் என்று கேட்கிறீர்கள். நடையைத் தேடிப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வினைச்சொல்லை முன்னால் தூக்கிப் போடுவார்கள், ஒற்றைச் சொல்லை ஒரு வாக்கியமாக நிறுத்துவார்கள், மூன்று புள்ளி வைப்பார்கள்; ஆறு மாதத்தில் அவர்களுக்கே அது சலித்துப் போகும். தனித்தன்மையைப் பற்றி நம் இலக்கண நூலார் இதைவிடத் தெளிவாகவே யோசித்திருக்கிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்து, வழிநூலுக்கு இப்படி இலக்கணம் சொல்கிறார்:

'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.'

முன்னவர் சொன்னதை ஒத்துக்கொண்டு எழுதலாம். ஆனால் பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய ஒரு வேறுபாட்டை அதில் வைக்க வேண்டும். முன்னோர் நூலைப் பின்பற்றுவது அவருக்கு இழுக்காகவே படவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்று இணையத்தில் எழுதப்படுவதில் பெரும்பகுதி வழிநூல்தான், இந்தப் பதில் உட்பட. உங்கள் கட்டுரையில் இல்லாமற்போனது அந்த விகற்பம். இன்னொன்றும் இல்லை: எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற தகவல். அச்சுப் பத்திரிகையில் இடமில்லை என்று சாக்குச் சொல்லலாம்; ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் இணையத்தில் அந்தச் சாக்கும் கிடையாது.

விகற்பம் எங்கிருந்து வரும் என்பதற்கு, உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியில் இறங்கிய கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். புராணங்களையும் பிரபந்தங்களையும் கரைத்துக் குடித்தவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட பிறகுதான் அந்தக் காப்பியத்தைக் கையில் எடுத்தார். பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியரின் உரை கிடைத்தது. அப்படியும் பல இடங்கள் விளங்கவில்லை, ஏனென்றால் அங்கே பேசப்படுவது சமண மரபு. அவர் செய்த காரியம் எளிமையானது: அதே ஊரில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் வெளிவந்த அந்தப் பதிப்பு, ஏடுகளை ஒப்பிட்ட உழைப்போடு, நடந்துபோய்க் கேட்ட உழைப்பும் சேர்ந்து உருவானது. உங்கள் தேடுபொறி தரும் நாலைந்து கட்டுரைகளை உரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். படித்த பிறகு எழுந்து வெளியே போக வேண்டும்.

நான் போகாமல் இருந்து பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் சேர்ந்த புதிதில் ஓர் ஊர்த் தேரோட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பேருந்தில் ஆறு மணி நேரம் போகச் சோம்பல்பட்டு, முந்தைய ஆண்டின் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, 'பக்தர்கள் வடம் பிடிக்க, தேர் ஆடி அசைந்து மாலையில் நிலைக்கு வந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். இதழ் வெளியான நாலாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்த ஆண்டு தேரின் அச்சு முறிந்து, வடக்கு வீதித் திருப்பத்தில் இரண்டு நாள் நின்றிருக்கிறது. அட்டையில் திட்டு எதுவும் இல்லை. 'தாங்கள் எந்தத் தேரைப் பார்த்தீர்கள்?' என்று மட்டும் கேட்டிருந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் மல்லிகைக்கு வருவோம். மணம், நிறம், கூந்தல் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை ஒதுக்கி வையுங்கள். அன்று மாலை மலர வேண்டிய அரும்பை விடியற்காலையிலேயே பறித்துவிடுகிறார்கள். வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், இன்று பறிக்க வேண்டிய அரும்பையும் நாளைக்கு விட வேண்டிய அரும்பையும் பறிக்கிற விரல்கள் எப்படிப் பிரித்து அறிகின்றன? உங்கள் தெருவிலேயே பூப்பறிக்கப் போகும் அக்கா ஒருவராவது இருப்பார். அவரிடம் கேட்டால் நிறத்தைச் சொல்வாரோ, பருமனைச் சொல்வாரோ, கை பழகிவிட்டது என்று சிரிப்பாரோ, அந்தப் பதில் வேறெந்தத் தளத்திலும் இருக்காது. பறித்ததும் உதிரியாக மார்க்கெட்டுக்குப் போகிறது. அங்கே காலை விலை ஒன்று, பொழுது ஏறிய பிறகு வேறு. கோடையில் பூ கொட்டும்போது விலை சரிந்து, மிஞ்சியது சென்ட் தொழிற்சாலைக்குப் போகிறது. மார்கழியில் பனி விழுந்து விளைச்சல் குறையும்போது, அதே பூவின் விலை கேட்டவர் திரும்பிப் போகும் அளவுக்கு ஏறுகிறது. தோட்டத்துக்காரர் எந்த நாளில் செடியைக் கத்தரித்துக் கவாத்து செய்தார், ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் என்பது இந்த விலையோடு பின்னிக் கிடக்கும் கணக்கு.

பூ கட்டுகிறவரிடம் உட்காருங்கள். கிலோவில் வாங்கிய பூ, வாழைநாரில் ஏறியதும் முழமாக மாறிவிடுகிறது. முழம் என்பது அவரவர் கை; முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. பக்கத்துக் கடைக்காரரின் கை அரை விரல் நீளமாக இருந்தால் என்ன ஆகிறது? நெருக்கிக் கட்டிய முழமும் இடைவெளி விட்டுக் கலக்கக் கட்டிய முழமும் ஒரே விலைக்குப் போகின்றனவா? நூறு கிராமுக்கு எத்தனை முழம் வந்தால் அன்றைக்குக் கட்டுபடியாகும்? இந்த மூன்று கேள்விக்கும் விடை வாங்கிக்கொண்டு வந்து எழுதினால், 2013-ஆம் ஆண்டுத் தகவல் தானாக ஒரு மூலையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது அந்தக் கட்டுரையை யாராவது திருடினாலும், திருட்டு என்பது படித்த உடனே தெரியும்.

நடையும் அங்கேயே தொடங்கும் என்பது என் அனுபவம். சொல்வதற்குக் கையில் பொருள் இருக்கும்போது வாக்கியம் வளைந்து கொடுக்கிறது. பொருள் இல்லாதபோதுதான் அலங்காரம் வந்து சேர்கிறது.

இதற்கு மேல் பயிற்சியால் வருவதும் உண்டு. நன்னூலுக்கே திரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பவணந்தியார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களைப் படித்தால், 13-ஆம் நூற்றாண்டிலேயே அவர் இணையக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டாரோ என்று தோன்றும். கூறியது கூறல் என்கிறார். 'கீவேர்ட்' என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லும் சொல்லை ஒரு பத்தியில் நான்கு முறை நுழைக்கும்போது நடப்பது அதுதான். வெற்றெனத் தொடுத்தல் என்கிறார். எழுநூறு சொல் கணக்குக்காக இட்டு நிரப்பும் பத்திகள் அவை. மற்றொன்று விரித்தல் என்பது, ரசம் வைக்கச் சொல்லித் தர வந்தவர் தமிழர் உணவின் தொன்மையில் தொடங்குவது. சென்று தேய்ந்து இறுதல், தலைப்பில் இடி முழங்கி ஐந்தாம் பத்தியில் தூறலாக நின்றுபோவது. எழுதி முடித்த ஒவ்வொரு கட்டுரையையும் இந்த நான்குக்கு மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வெளியிட்ட பிறகு பிழை தெரியவந்தால் ஓசையில்லாமல் மாற்றிவிடாமல், திருத்திய நாளையும் திருத்தியது எது என்பதையும் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வசதி எங்கள் காலத்தில் கிடைத்திருந்தால் என் தேரை நானே நடுவீதிக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உங்களுக்குப் பிடித்த உரைநடையாளர் ஒருவரை எடுத்துக்கொண்டு, நாளுக்கு அரைப்பக்கம் கையால் படியெடுங்கள். வெளியிடுவதற்காக இல்லை; ஒரு நீண்ட வாக்கியத்தை அவர் எந்த எச்சத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார், எங்கே எழுவாயை விட்டுவிடுகிறார் என்பது, கண்ணால் படிக்கும்போது தெரிவதைவிடக் கையால் எழுதும்போது நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஒருவரிடமே நின்றுவிட்டால் அவர் குரல் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உங்கள் கட்டுரையை உரக்கப் படித்துப் பாருங்கள். ஓசையுடைமை என்று நன்னூல் சொல்லும் அழகு செய்யுளுக்கு மட்டும் உரியதென்று நான் நினைப்பதில்லை. கைப்பேசியில், ஓடும் பேருந்தில் படிக்கிறவருக்கு அது இன்னும் அதிகமாகவே தேவைப்படுகிறது.

நாளுக்கு மூன்று கட்டுரை எழுதிக்கொண்டு இதையெல்லாம் எப்போது செய்வது என்று கேட்பீர்கள். மூன்றிலும் செய்ய முடியாது, யாராலும் முடியாது. அன்றாடக் கட்டுரைகளைப் பிழையில்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டு, சுருக்கமாக முடித்துக் கொடுங்கள். அது கௌரவமான வேலைதான், அதற்காகக் கூச வேண்டியதில்லை. ஆசிரியரிடம் பேசி, பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரையை மட்டும் நீங்களே தலைப்புத் தேர்ந்து, நேரில் பார்த்து எழுத அனுமதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஞாயிற்றுக்கிழமையில் எழுதி எடுத்து வையுங்கள். வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று மட்டும் இப்போதைக்கு முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் கட்டுரையின் தொடக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 'மல்லிகை என்றதும்' என்ற அந்த முதல் பத்தியை விரலால் மூடிக்கொண்டு படித்துப் பார்த்தேன். கட்டுரைக்கு ஒன்றும் குறையவில்லை. முதல் பத்தி பெரும்பாலும் நாம் பேனாவை உதறிப் பார்க்கும் இடம். மார்கழியில் ஒரு நாள் விடிவதற்கு முன் எழுந்து, பூப்பறிக்கும் அந்த அக்காவோடு தோட்டத்துக்குப் போய்வந்து எழுதியதை எனக்கு அனுப்புங்கள். இரண்டாம் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.